தினந்தோறும் குடிப்பீரா?

ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் விடை: "இல்லை!"

விடை பொய்யல்ல, முழு மெய். ஆனால் அந்த மெய்யான விடையே ஒரு மனிதரைச் சாவின் வாசற்படிவரை கொண்டுபோய் நிறுத்திற்று என்றால் நம்புவீர்களா, தோழர்களே? நம்பத்தான் வேண்டும். கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

இராசபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டி. விசைத்தறி ஓசை இரவிலும் ஓயாத ஊர். அங்கே நெய்யப்படுவது பட்டுப் பீதாம்பரமல்ல, பேண்டேஜ் துணி. எங்கோ ஆலையில் கை நசுங்கியவனுக்கும், எங்கோ சாலையில் அடிபட்டவனுக்கும், எங்கோ கால் இடறி விழுந்த கிழவனுக்கும் கட்டுப்போட இங்கிருந்து துணி போகிறது. ஊரார் புண்ணுக்கெல்லாம் துணி நெய்து அனுப்பும் அத்தகைய தறிக்கூடம் ஒன்றிலே வேலை பார்ப்பவர் நம் அண்ணாச்சி. பெயர் வேண்டாம், அவருக்கும் மானம் உண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. கழகக் கூட்டமென்றால் மேடைக்கு முன்னால் தேட வேண்டாம். மேடைக்குப் பின்னால், கம்பத்தில் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். தேர்தல் வந்தால் பசை வாளியோடு விடிய விடிய நடப்பார். விடிந்ததும் தறிக்குப் போவார்.

அவர் வீட்டுக்கு ஒருநாள் சுகாதாரத் தன்னார்வலரான அம்மையார் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நம் வீட்டு வாசலுக்கே இரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவந்து சேர்த்ததை நாடறியும். நல்ல பணி, நாம் பெருமைப்படத்தக்க பணி. அம்மையார் அழுத்தம் பார்த்தார், கூடுதல். சர்க்கரை பார்த்தார், சரி. பிறகு கேள்விகள். அவற்றுள் ஒன்று: "தினமும் குடிப்பீங்களாண்ணே?"

"இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. பக்கத்திலே மதினி நிற்கிறார். மதினியும் மறுக்கவில்லை. ஏன் மறுக்க வேண்டும்? உண்மை அதுதானே! தினந்தோறும் அவர் குடித்ததில்லை. சனிக்கிழமை கூலி, சனிக்கிழமை குடி. ஒரு பையிலே இரண்டு குவார்ட்டர், மறு பையிலே பிள்ளைகளுக்குத் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாப் பொட்டலம். பால்கோவா எதற்கு? குற்ற உணர்வுக்கு அவர் கட்டிய வரி அது! ஞாயிறு முழுதும் தூக்கம். திங்கள் காலை தறி. ஆறு நாள் நல்ல மனிதர், ஒருநாள் மட்டும் வேறு மனிதர்.

இந்தக் கேள்வி அந்த அம்மையார் வாய்க்கு வந்தபடி கேட்டதன்று. முப்பது வயது கடந்தவர்களுக்குத் தொற்றா நோய் வரும் வாய்ப்பைக் கண்டறிய இந்திய அரசு வகுத்த படிவத்திலேயே அச்சடித்த கேள்வி. மது தினமும் அருந்துகிறீர்களா? ஆம் என்றால் ஒரு மதிப்பெண். இல்லை என்றால் சுழி. டெல்லியில் குளிர்பதன அறையிலே உட்கார்ந்து எழுதியவர்களுக்கு, தெற்கே வாரக்கூலிக்காரன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு வாரம் என்பதே சனிக்கிழமைதான் என்பது எப்படித் தெரியும்? அண்ணாச்சிக்குச் சுழி போட்டார்கள். சுழி போட்டால் தீர்ந்தது. தாள் கட்டோடு போயிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கென்றால் கசக்கும், ஆயினும் இது கூலிக் கணக்கினும் நெருக்கமான உயிர்க் கணக்கு.

மருத்துவ உலகம் மதுவை 'அளவு' என்று எண்ணுகிறது. ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்ககால். நம் நாட்டுப் பிராந்தியோ விஸ்கியோ 30 மில்லி ஊற்றினால் ஓர் அளவு. அப்படியானால் 180 மில்லி குவார்ட்டர்? ஆறு அளவு! "ஒரு குவார்ட்டர்தானே" என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அது ஒன்றல்ல, ஆறு. 650 மில்லி பீர், அதிலும் எட்டு விழுக்காட்டு வகை என்றால், நான்கு அளவு. "பீர்தானே குடித்தேன்" என்பவரும் கொஞ்சம் நிதானித்துக் கேட்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1980களிலே ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் மருத்துவ நிலையங்களில் ஆராய்ந்து பத்துக் கேள்விகளை உருவாக்கிற்று. அதன் பெயர்ச் சுருக்கம் 'ஆடிட்'. ஆடிட் என்றால் தணிக்கை! முதலாளியின் கணக்குக்கு ஆண்டுதோறும் தணிக்கை உண்டு, கூட்டுறவுச் சங்கக் கணக்குக்குத் தணிக்கை உண்டு, ஊராட்சிக் கணக்குக்குத் தணிக்கை உண்டு. உழைப்பவன் உடம்புக்கு மட்டும் தணிக்கை கிடையாதா?

முதல் கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்? இரண்டாவது: குடிக்கும் நாளில் எத்தனை அளவு? மூன்றாவது: ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் நான்கு வரை மதிப்பெண். பத்துக் கேள்விக்கும் சேர்த்து நாற்பது. எட்டைத் தொட்டால் எச்சரிக்கை; மருத்துவர் அறிவுரை தரவேண்டும். பதினாறைத் தொட்டால் உட்கார வைத்துப் பேசித் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இருபதைத் தொட்டால் குடிநோய்க்குரிய முழு மருத்துவ ஆய்வு.

நம் அண்ணாச்சியை அந்தத் தராசில் நிறுத்துங்கள். மாதம் நான்கு முறை: இரண்டு மதிப்பெண். குடிக்கும் நாளில் பன்னிரண்டு அளவு: நான்கு. ஆறுக்கு மேல் வாரந்தோறும்: மூன்று. ஆக ஒன்பது! மூன்றே கேள்வியில் ஒன்பது! படிவம் சுழி போட்ட மனிதருக்கு ஒன்பது!

அது மட்டுமா? அந்த ஆண்டு ஐப்பசியில், மழை பெய்த சனிக்கிழமை இரவு, சைக்கிளோடு ஓடைக்குள் விழுந்து அவருக்கு முன்கை முறிந்தது. மருத்துவமனை ஒன்றில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அவர் நெய்த துணியே அவர் கையைச் சுற்றியிருந்தாலும் வியப்பில்லை. நன்றாகத்தான் கட்டினார்கள், எலும்பு நேராகக் கூடிற்று. ஆனால் "எப்படி விழுந்தீர்?" என்று கேட்டவர்கள், "மழை, வழுக்கிவிட்டது" என்ற விடையோடு நிறுத்திக்கொண்டார்கள். வாயிலே வாடை வீசியிருக்கிறது. மூக்கு இருந்தவர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மூக்குக்குத் தெரிந்ததை வாய் கேட்கவில்லை.

குடியால் காயம் பட்டதுண்டா என்பது ஒன்பதாம் கேள்வி. அந்த ஆண்டிலேயே பட்டிருந்தால் நான்கு மதிப்பெண். குடியைக் குறைக்கும்படி உறவினரோ மருத்துவரோ கவலைப்பட்டுச் சொன்னதுண்டா என்பது பத்தாம் கேள்வி. மதினி சொல்லாத நாளுண்டா? அதற்கு நான்கு. ஆகப் பதினேழு. அந்தப் பதினேழிலே ஒருவர் பிடித்து உட்கார வைத்துப் பேசியிருந்தால்?

யாரும் பேசவில்லை. கை முறிந்து வேலைக்குப் போகாத இரண்டு மாதத்தில் சனிக்கிழமை என்பது புதனாயிற்று, புதன் என்பது நாள்தோறும் ஆயிற்று. மூன்றாம் ஆண்டில் காலையில் கை நடுங்கிற்று. நடுக்கம் நிற்க நாலு வாய் குடித்தால்தான் தறியில் நூல் பிணைக்க முடியும் என்ற நிலை. அப்போதுதான் மதினி அவரை ஒரு கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சத்தியம் வாங்கி, கையிலே கயிறு கட்டி அழைத்து வந்தார்.

நான் பகுத்தறிவு பேசுகிறவன்தான். ஆனால் அந்தக் கயிற்றை நான் கேலி செய்யப்போவதில்லை. மருந்தகம் கேட்காத கேள்வியைக் கோயிலாவது கேட்டதே! கேட்பாரற்ற இடத்திலே கயிறு வந்து உட்காராமல் வேறென்ன செய்யும்?

கயிறு கட்டிய மறுநாள் இரவு அண்ணாச்சிக்கு வியர்த்துக் கொட்டிற்று. தூக்கம் இல்லை. சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னார். பிறகு வலிப்பு. "சாமி குத்தம்! ஒளித்துக் குடித்திருப்பான்!" என்றது தெரு. அவரோ ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. குடிக்காததால் வந்த வலிப்பு அது! ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மதுவால் அமுக்கிவைத்த மூளை, அமுக்கிய கை திடீரென்று விலகியதும் வில்லெனத் துள்ளி எழும். நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக் குழப்பம், சிலருக்கு மரணமே. மருத்துவர் கண்காணிப்பில் அமைதி மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்து இறக்க வேண்டிய சுமையை, நாம் சத்தியம் வாங்கி ஒரே நொடியில் தூக்கி எறியச் சொல்கிறோம். நாள்தோறும் குடிப்பவர் வீட்டிலே இதைப் படிக்கும் சகோதரி யாராவது இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டும் மறந்துவிட வேண்டாம்: நிறுத்துவது நல்லது, கை நடுங்குகிறவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அண்ணாச்சி பிழைத்தார். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்தது, சரியான மருத்துவர் இருந்தார், பிழைத்தார். படுக்கையருகே நான் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது இதுதான்: "தினமும் குடிப்பியான்னு கேட்டாங்க தம்பி. சனிக்கெழமை எவ்வளவு குடிப்பேன்னு ஒருத்தரும் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

தோழர்களே, மதுவைப் பற்றி நாம் பேசாத மேடை உண்டா? 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்ற வரலாறு நமக்கு மனப்பாடம். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு. அடுத்த ஆண்டே இதே இராசபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா மாகாணத்தின் முதலமைச்சராகி அந்தச் சட்டத்தைச் சுமந்தார். 1971இல் கடை திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மீண்டும் திறந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடையும் அரசின் கைக்கே வந்தது. திறந்ததிலும் நம்மவர் கை உண்டு, மூடியதிலும் நம்மவர் கை உண்டு. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. திறந்தபோது ஒரு கட்சி திட்டிற்று, மூடியபோது ஒரு கட்சி திட்டிற்று. கதவைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசுகிறோம். அந்தக் கதவு வழியே போய்வரும் மனிதனைப் பற்றிப் பேசியது எவ்வளவு?

"அப்படியானால் கடையே இருக்கட்டும் என்கிறாயா?" என்று சீறும் தோழர்கள் உண்டு. இல்லை. கடை குறையட்டும், நேரம் குறையட்டும். அது வேறு போர், அதிலும் நான் உண்டு. ஆனால் கடை மூடிய மறுநாள் காலையில் கை நடுங்குகிறவன் எங்கே போவான்? மூடிய காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் போனான். திறந்திருக்கும் காலத்திலும் போகிறான்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கதவு திறந்தாலும் அவனுக்கு மருத்துவம் வேண்டும், மூடினால் அதைவிட வேண்டும்.

"அரசே விற்றுவிட்டு அரசே புத்தி சொல்வதா?" என்று இன்னொருவர் கேட்கிறார். நியாயமான குத்து! வலிக்கத்தான் செய்கிறது. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் தமிழக அரசின் கருவூலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்திலே அண்ணாச்சியின் சனிக்கிழமைகளும் அடக்கம். அதனால்தான் சொல்கிறேன், அவருக்கு மருத்துவம் பிச்சையல்ல. அவர் முன்பணம் கட்டிய சரக்கு!

2019இல் எய்ம்ஸ் மருத்துவமனையார் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு ஒன்று உண்டு. மதுவுக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவரோ நூற்றெண்பது பேருக்கு ஒருவர். நம் மாநிலத்தில் வயது வந்த ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குடிப்பவர் என்கிறது 2019-21ஆம் ஆண்டுகளின் குடும்பநல ஆய்வு. உங்கள் கிளையில் நாற்பது ஆண்கள் இருந்தால் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி எண்ண வேண்டாம்.

"குடிகாரனுக்குச் சொல்லித் திருந்துவானா?" இதுதான் எல்லாரும் கேட்பது. வள்ளுவரே கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அதைக் கேட்டா திருந்தினார்கள் என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களைக் கோவாவுக்கு அழைத்துப் போகிறேன்.

சாராயம் மலிந்த சின்ன மாநிலம் கோவா. அங்கே பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'சங்காத்' என்ற அமைப்பினர் ஒரு சோதனை செய்தார்கள். வேறு நோய்க்காக வந்த ஆண்களிடம் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டு, பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை மதிப்பெண் பெற்ற 377 பேரைச் சேர்த்தார்கள். நம் அண்ணாச்சியின் பதினேழு அந்த வரம்புக்குள்தான்! ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிப் பேருக்கு அதோடு நான்கு அமர்வு வரை பேச்சு. பேசியவர் யார்? மனநல மருத்துவர்களா? இல்லை! பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மதிப்பெண் எட்டுக்குக் கீழே இறங்கியவர்கள் பேச்சுக் கேட்டோரில் நூற்றுக்கு 36, கேளாதோரில் 26. முந்தைய பதினான்கு நாளும் ஒரு சொட்டும் தொடாதவர்கள் கேட்டோரில் 42, கேளாதோரில் 18. ஓராண்டு கழித்தும் அந்த வேறுபாடு கரையவில்லை. 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முதல் முடிவு அச்சேறிற்று.

மாயம் என்று சொல்லமாட்டேன். கேட்டும் விடாதவர்கள் நிறையப் பேர். அப்படி விடாமல் தொடர்ந்தவர்கள் குடித்த அளவும் குறைந்துவிடவில்லை. ஆனால் நூறு பேரில் பத்துப் பேர் கூடுதலாகக் கரையேறினால், அந்தப் பத்து வீட்டிலே விளக்கு எரியுமே!

அப்படி என்னதான் பேசினார்கள்? திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. உம் மதிப்பெண் இது, இதனால் உம் உடம்புக்கும் வீட்டுக்கும் என்ன ஆகிறது, நீர் என்ன செய்ய விரும்புகிறீர் என்று கேட்டார்கள். எந்த நேரத்தில், யாரோடு, எதற்காகக் கை பாட்டிலுக்குப் போகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் செய்தார்கள். நண்பன் ஊற்றித் தரும்போது வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று ஒத்திகை பார்த்தார்கள்; நாடகக்காரர்களான நமக்கு ஒத்திகையின் அருமை தெரியாதா? ஆலோசகரைத் தமிழில் இன்று ஆற்றுப்படுத்துநர் என்கிறோம். பத்துப்பாட்டிலே ஆற்றுப்படைகள் உண்டு: வள்ளலைக் கண்டு வந்தவன், காணாதவனுக்கு வழி சொல்வது. வழி சொல்வதுதான் வேலை, தள்ளிக்கொண்டு போவதல்ல.

ஆகவே இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் சுற்றுக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாம் கேட்க வேண்டியது பெரிய கட்டடமல்ல. 'தினமும்' என்ற ஒரு சொல்லை அடித்துவிட்டு மூன்று கேள்வி எழுதுங்கள் என்கிறோம். மனைவியும் அண்டை வீட்டாரும் சூழ்ந்து நிற்கும் வாசலில் கேட்காமல் தனியறையில் கேளுங்கள் என்கிறோம்; வாசலிலே கேட்டால் நான்கூடப் பொய்தான் சொல்வேன். காலை வரிசையில் நூறு பேர் நிற்கையில் மருத்துவருக்குப் பேச நேரமில்லை என்பது தெரியும். அதனால்தான் கோவாவைப்போல் உள்ளூரில் படித்த ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ பயிற்சி கொடுத்து உட்கார வையுங்கள் என்கிறோம். ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகம் உண்டு; அங்கே இதைக் கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை. ஒரு நிபந்தனையோடு: அந்த மதிப்பெண் மேலாளர் மேசைக்குப் போகக் கூடாது. போனால் நாளை ஒருவனும் உண்மை பேசமாட்டான்.

அதுவரை? 14416 என்ற எண்ணில் 'டெலி மனஸ்' மனநல உதவி இருக்கிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

சென்ற மாதம் திருவில்லிபுத்தூரில் தெருமுனைக் கூட்டம். முடிந்ததும் பேருந்து நிலையத்துப் பக்கம் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சியும் வந்திருந்தார், குடியை விட்டுப் பதினான்கு மாதம். இடையில் ஒரு முறை சறுக்கி, ஆலோசகரிடம் போய், மீண்டும் எழுந்தவர். கொடி கட்ட வந்த தறிக்காரத் தம்பி ஒருவன், "நமக்கெல்லாம் அந்தப் பிரச்சினை இல்ல அண்ணாச்சி. சனிக்கெழமை ஒரே ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான்" என்றான்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். மூன்று கேள்வி கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணினார்.

"ஏழு" என்றார்.

"எட்டுக்குத்தான எச்சரிக்கைன்னு மேடையில சொன்னாக? நான் தப்பிச்சேன்ல!"

"இன்னும் ஏழு கேள்வி பாக்கி இருக்கு தம்பி. டீயக் குடி, சொல்லுதேன்."